பால் பொங்கும் நேரம் போதும்: தினசரி ஜெபத்துக்கும் நன்றிக்கும் வீட்டுக் குறிப்புகள்

புது வருஷ ஆராதனையில் வாக்குத்தத்த அட்டையை எடுத்துக்கொண்டு வீடு திரும்பும்போது, "இந்த வருஷம் தினமும் காலை நாலு மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் ஜெபிக்கணும்" என்று தீர்மானம் பண்ணாத கிறிஸ்தவர்கள் குறைவு. பொங்கல் விடுமுறை முடிவதற்குள் அது நின்றுபோகும். நமக்குப் பக்தி போதவில்லை என்று பிறகு பிப்ரவரி முழுக்க வருத்தப்படுவோம். பெரும்பாலும் குறை பக்தியில் இல்லை. இல்லாத ஒரு மணி நேரத்தை உண்டாக்கப் பார்க்கிறோம், அதுதான் சிக்கல். வீட்டில் ஏற்கெனவே தவறாமல் நடக்கும் வேலைகளோடு ஜெபத்தை இணைத்துவிட்டால் அது நிலைக்கும். கீழே இருக்கும் குறிப்புகள் எல்லாம் அந்த வழியில்தான். சி.எஸ்.ஐ., கத்தோலிக்கம், லுத்தரன், பெந்தெகொஸ்தே என்று சபைக்குச் சபை வழக்கம் மாறும். உங்கள் வீட்டுக்குப் பொருந்துவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் தொடங்க வேண்டாம்.

1. காலையில் பாலை அடுப்பில் வைத்தால் அது பொங்கும்வரை அந்த இடத்தைவிட்டு நகர முடியாது. அந்த நாலைந்து நிமிஷம்தான் பல வீடுகளில் தலைவிக்குக் கிடைக்கும் ஒரே அமைதியான நேரம். கைபேசியை எடுக்காமல் அந்த நேரத்தை ஜெபத்துக்குக் கொடுங்கள். பால் வாங்காத வீடு என்றால் குளிக்கத் தண்ணீர் சுடும் நேரம், பேருந்து நிறுத்தத்தில் காத்திருக்கும் நேரம், கடையின் ஷட்டரைத் தூக்கும் நேரம் என்று எதுவாகவும் இருக்கலாம். தினமும் அதே வேலை, அதே ஜெபம் என்று இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு புதுப் பழக்கம் தானாக நடக்க எத்தனை நாள் பிடிக்கும் என்று லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2010இல் வெளியானது. சராசரியாக 66 நாள் என்று கணக்கு வந்தது. ஆனால் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள்வரை வித்தியாசம். அவர்கள் பார்த்தது தண்ணீர் குடிப்பது, நடைப்பயிற்சி போன்ற பழக்கங்களை. ஜெபத்தை எவரும் அப்படி அளந்துவிட முடியாது என்றாலும், ஒரு விஷயம் நமக்கும் உதவும்: இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கத்தைப் பெரிதாகக் கெடுத்துவிடவில்லை. ஆகவே நேற்று விட்டதற்கு இன்று இரண்டு மடங்கு ஜெபித்து ஈடுகட்ட வேண்டாம். இன்றைய பாலுக்கு இன்றைய ஜெபம்.

2. மூன்று நிமிஷத்தில் தொடங்குங்கள். பத்து நிமிஷம் செய்ய ஆசை வந்தாலும் முதல் மாதம் மூன்று நிமிஷத்திலேயே நிறுத்துங்கள்.

3. சலிப்பான வேலை ஒன்றை ஜெப வேலையாக்குங்கள். பிரெஞ்சு தேசத்தில் பிரதர் லாரன்ஸ் என்று ஒருவர் இருந்தார். முதலில் போர்வீரர். பிறகு பாரிஸில் கார்மேல் சபை மடத்தில் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கொடுத்தது அடுக்களை வேலை. அதில் அவருக்கு இயல்பாகவே விருப்பமில்லை. ஆனாலும் பல வருஷம் செய்தார். சட்டிபானைகளுக்கு நடுவிலும் கடவுளோடு பேசிக்கொண்டே இருக்கலாம் என்பதுதான் அவர் கண்டுகொண்டது. 1691இல் அவர் இறந்த பிறகு அவருடைய கடிதங்களையும் உரையாடல்களையும் தொகுத்து வெளியிட்ட சின்னப் புத்தகம் இன்றும் அச்சாகிறது. நம் வீட்டில் இதற்கு ஏற்ற வேலை துணி மடிப்பது. யாருடைய துணி கையில் வருகிறதோ அவருக்காக இரண்டு வார்த்தை. மகனின் பள்ளிச் சீருடை, மாமியாரின் சேலை, வேலைக்குப் போகும் கணவரின் சட்டை. மடித்து முடிக்கும்போது வீட்டில் ஒருவரும் விடுபட்டிருக்க மாட்டார்கள். கோபத்தில் இருக்கும் நாளில் அந்த ஒருவரின் சட்டை கைக்கு வரும்போது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கும். அந்தச் சட்டையைக் கடைசியில் மடியுங்கள், ஆனால் மடியுங்கள்.

4. பிடி அரிசி எடுத்துவையுங்கள். உலைக்கு அரிசி அளக்கும்போது அதிலிருந்து ஒரு கைப்பிடியைத் தனி டப்பாவில் போட்டு, கடவுளுக்கு ஒரு நன்றி சொல்வது. அரிசிச் சோறு சாப்பிடும் வீட்டுக்கு இதைவிட லேசான நன்றிப் பழக்கம் எனக்குத் தெரிந்து இல்லை. மிசோரமில் பிரெஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910இல் இதைத் தொடங்கினார்கள். கையில் காசு புழங்காத மலைக்கிராமங்கள். ஆனால் எல்லா வீட்டிலும் தினமும் சோறு பொங்கியது. ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி என்று சேர்த்த அரிசியை விற்று ஊழியச் செலவுக்குக் கொடுத்தார்கள். நூறு வருஷம் தாண்டியும் அந்த வழக்கம் அங்கே விட்டுப்போகவில்லை. தமிழ்நாட்டிலும் ஊழியங்களுக்குப் பிடி அரிசி கொடுத்த பாட்டிமார் பல குடும்பங்களில் உண்டு.

செய்முறை எளிது. மூடி இறுக்கமாக இருக்கும் எவர்சில்வர் டப்பா ஒன்றை அரிசி டிரம்முக்குப் பக்கத்திலேயே வையுங்கள். அலமாரியில் வைத்தால் மறந்துபோகும். ஒரு பிடி ஏறக்குறைய 40 கிராம் வரும். தினம் ஒரு பிடி என்றாலே மாதம் ஒரு கிலோவுக்குக் குறையாது. நாலு காய்ந்த மிளகாயோ நிழலில் உலர்த்திய வேப்பிலையோ போட்டுவைத்தால் வண்டு வராது. ஆனால் மாதக் கடைசியில் டப்பாவைக் காலிசெய்துவிடுங்கள். சபையில் வாங்குவார்கள் என்றால் அங்கே, இல்லையென்றால் அக்கம்பக்கத்தில் தேவையுள்ள வீட்டுக்கு. ஒரே ஒரு கண்டிப்பு: நீங்கள் சமைக்கும் அதே அரிசியில்தான் பிடி எடுக்க வேண்டும். வீட்டுக்குப் பொன்னியும் காணிக்கைக்கு ரேஷன் அரிசியும் என்றால் அந்தப் பழக்கமே வேண்டாம். சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் கையால் எடுக்கச் சொல்லுங்கள். அவர்கள் கைப்பிடி சின்னது, பாதி தரையில் சிந்தும், பரவாயில்லை.

5. ஜெபத்துக்கு வேண்டியதையெல்லாம் ஒரே கூடையில் வையுங்கள். வேதாகமம், பாட்டுப் புத்தகம், ஒரு நோட்டு, மை உள்ள பேனா, வீட்டுப் பெரியவரின் வாசிப்புக் கண்ணாடி. கண்ணாடியைத் தேடப்போனவர் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவது நடக்கிற கதைதான். வயதானவர்களுக்குப் பெரிய எழுத்து வேதாகமம் வாங்கிக்கொடுப்பது பிறந்தநாள் சேலையைவிட நல்ல பரிசு. கைபேசியில் வாசிப்பவர்கள் முதலில் விமானப் பயன்முறையைப் போடுங்கள். இல்லாவிட்டால் ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்திலேயே யாராவது "குட் மார்னிங்" பூப்படம் அனுப்பிவிடுவார்கள்.

6. தனி அறை இல்லையே என்பவர்களுக்கு: ஜான் வெஸ்லியின் தாயார் சூசன்னா வெஸ்லி 19 பிள்ளைகளைப் பெற்றவர், அதில் ஒன்பது குழந்தையிலேயே இறந்துவிட்டன. நெருக்கடியான வீடு, ஓயாத கடன். ஏப்ரனை எடுத்துத் தலைமேல் போட்டுக்கொண்டால் அம்மா ஜெபிக்கிறார் என்று பிள்ளைகள் தெரிந்துகொண்டு சத்தத்தைக் குறைப்பார்களாம். அவரைப் பற்றி அப்படி ஒரு செய்தி வழிவழியாகச் சொல்லப்படுகிறது. நம் பெண்களுக்கு அந்தச் சிரமம்கூட இல்லை. ஜெபத்துக்கு முந்தானையை இழுத்து முக்காடு போடுவது நமக்குப் பழகியதுதானே. முக்காட்டோடு அம்மா உட்கார்ந்தால் ஐந்து நிமிஷம் கூப்பிடக் கூடாது என்று பிள்ளைகளிடம் ஒருமுறை சொல்லிவையுங்கள். அப்பாக்கள் அதே ஐந்து நிமிஷம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம், அதுவும் ஊழியம்தான்.

7. நன்றி சொல்லும்போது குறிப்பாகச் சொல்லுங்கள். "எல்லா நன்மைகளுக்காகவும் ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று வாய் தானாக ஓடும். மனம் அந்த நேரத்தில் இட்லி மாவு புளித்துவிட்டதா என்று யோசித்துக்கொண்டிருக்கும். பதிலாக, "இன்று தண்ணீர் லாரி காலையிலேயே வந்தது, நன்றி", "அத்தைக்குச் சர்க்கரை அளவு 140க்கு இறங்கியிருக்கிறது, நன்றி", "கணக்கு டீச்சர் இன்று பிள்ளையைத் திட்டவில்லை, நன்றி" என்று சொல்லிப்பாருங்கள். அன்றைக்கே நடந்தது, வேறொரு வீட்டார் சொல்ல முடியாதது என்று இருந்தால் அது குறிப்பான நன்றி. ஒரு நாளைக்கு மூன்று போதும். ஆயிரம் ஸ்தோத்திரம் அச்சிட்ட சின்னப் புத்தகம் வைத்திருப்பவர்கள் ஒரே மூச்சில் ஓடி முடிக்காமல் தினம் ஒரு பக்கம் மட்டும், ஒவ்வொரு வரிக்கும் நின்று சொல்லலாம்.

8. தினமும் வாயால் சொல்லுங்கள், வாரத்துக்கு ஒருமுறை எழுதுங்கள். நன்றி எழுதிவைப்பதைப் பற்றி ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லா என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் செய்த ஆய்வு 2003இல் வெளியானது. பத்து வாரம், வாரம் ஒருமுறை, நன்றிக்குரிய ஐந்து விஷயங்கள்வரை எழுதியவர்களுக்கு, எரிச்சல்களை எழுதியவர்களைவிட வாழ்க்கைமேல் திருப்தி கூடியிருந்தது. சோனியா லுபோமிர்ஸ்கி என்பவருடைய குழு வேறொன்றைக் கவனித்தது: வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்குப் பலன் தெரிந்தது, வாரம் மூன்றுமுறை எழுதியவர்களுக்குத் தெரியவில்லை. அடிக்கடி எழுதினால் அது வீட்டுப்பாடமாகிவிடும் போலிருக்கிறது. ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுப் படுப்பதற்குமுன் ஐந்து வரி எழுதினால் போதும்.

9. வேண்டுதல் நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள். தேதி, வேண்டுதல், பதில் வந்த தேதி. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லங்கள் நடத்திய ஜார்ஜ் முல்லர் (1805–1898) எந்த மனிதரிடமும் பணம் கேட்பதில்லை என்று வைத்திருந்தார். தேவைகளை ஜெபத்தில் சொல்லி, வந்ததையெல்லாம் தேதி போட்டு விவரமாக எழுதிவைத்தார். அவரைப்போல நம்மால் முடியாது. ஆனால் தேதி போட முடியும். "இல்லை" என்பதும் பதில்தான், அதையும் எழுதுங்கள். அந்த வரன் அமையவில்லை, அந்த இன்டர்வியூ கிடைக்கவில்லை. வருஷக் கடைசி ஆராதனைக்குப் புறப்படுவதற்குமுன் அந்த நோட்டைக் குடும்பமாக உட்கார்ந்து வாசியுங்கள். ஏப்ரலில் அழுது ஜெபித்த விஷயம் எதுவென்றே டிசம்பரில் பலருக்கு நினைவிருக்காது.

10. குடும்ப ஜெபம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகமாக உடைவது இதுதான்.

நேரம்: இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று வைக்காதீர்கள். பிள்ளைகள் தூங்கிவிழுவார்கள், அப்பாவும்தான். சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் வையுங்கள். பசி இருப்பதால் யாரும் ஜெபத்தை நீட்ட மாட்டார்கள். சீரியல் நேரத்தோடு மோதவும் வேண்டாம். மோதினால் யார் ஜெயிப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

அளவு: ஒரு பாட்டு, பத்துப் பன்னிரண்டு வசனம், ஒருவருடைய ஜெபம், எல்லோரும் சேர்ந்து பரமண்டல ஜெபம். மொத்தம் பத்து நிமிஷம்.

முறை: தினம் ஒருவர் நடத்தட்டும். எட்டு வயதுப் பிள்ளை நடத்தும் நாளில் அதன் ஜெபத்தை யாரும் திருத்தக் கூடாது. பக்கத்து வீட்டு நாய்க்குட்டிக்காக ஜெபித்தாலும் "ஆமென்" சொல்லுங்கள்.

பெரியவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கண்ணை மூடிக்கொண்டு, ஆண்டவரிடம் பேசுவதுபோல அடுத்தவருக்குப் பிரசங்கம் பண்ணுவது நம் வீடுகளில் பழைய வியாதி. "ஆண்டவரே, இந்த வீட்டில் சிலர் நேரத்துக்கு எழுந்திருக்க கிருபை தாரும்" என்று மாமியார் ஜெபித்தால், மருமகள் அன்றோடு குடும்ப ஜெபத்தை வெறுத்துவிடுவார். "போனையே நோண்டிக்கொண்டிருக்கும் இந்தப் பிள்ளைக்குப் புத்தி கொடும்" என்பதும் அதே ரகம். சொல்ல வேண்டியதை முகத்தைப் பார்த்துத் தனியாகச் சொல்லிவிடுங்கள். ஜெபத்தில் அந்தப் பிள்ளைக்காக நன்றி மட்டும் சொல்லுங்கள்.

வெளிநாட்டில் மகனோ மகளோ இருந்தால் வாரம் ஒரு நாள் வீடியோ அழைப்பில் சேர்த்துக்கொள்ளலாம். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால்; அதற்கேற்ப நேரம் வையுங்கள். பாட்டுப் பாடும்போது இரண்டு பக்கமும் சேர்ந்து பாடினால் குரல் பிந்திவந்து குழப்பும். ஒரு பக்கம் மைக்கை அணைத்துவிட்டுப் பாடட்டும். வீட்டில் வேறு சமயத்தைச் சேர்ந்தவர் இருந்தால் கட்டாயப்படுத்த வேண்டாம். அவர் விரும்பினால் பக்கத்தில் உட்காரட்டும், இல்லையென்றால் ரசத்தைச் சூடுபண்ணட்டும்.

11. மாதம் ஒரு பாட்டு. தினமும் புதுப் பாட்டுத் தேடினால் அதிலேயே நேரம் போகும். ஒரே கீர்த்தனையை ஒரு மாதம் பாடினால் பிள்ளைகளுக்கு அத்தனை சரணமும் மனப்பாடமாகிவிடும். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் கர்நாடக ராகத்தில் அமைத்த கீர்த்தனைகளும், மேற்கத்திய மெட்டில் வந்த பாமாலையும் ஒரே வீட்டில் பாடப்படுவது தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு வாய்த்த சொத்து. இரண்டையும் மாற்றி மாற்றி எடுங்கள்.

12. சங்கீதத்துக்கு ஒரு கணக்கு. மொத்தம் 150. தினம் ஐந்து வாசித்தால் ஒரு மாதம்; தினம் ஒன்று என்றால் ஐந்து மாதம். 119ஆம் சங்கீதத்தில் 176 வசனம் இருக்கிறது. அதை ஒரே நாளில் எடுக்காதீர்கள். எட்டு எட்டு வசனமாக 22 பகுதிகள், 22 நாள். நீதிமொழிகளில் 31 அதிகாரம் என்பதால் தேதி என்னவோ அந்த அதிகாரம். நன்றியைப் பழக்க 136ஆம் சங்கீதம் மிகவும் தோது. 26 வசனங்களிலும் பின்பாதி ஒன்றேதான். ஒருவர் முன்பாதியை வாசிக்க, மற்றவர்கள் பின்பாதியைச் சொல்லலாம். எழுத்துக்கூட்டத் தெரியாத குழந்தையும், கண் மங்கிய பாட்டியும் முழுதாகக் கலந்துகொள்ளும் வாசிப்பு இது.

13. கத்தோலிக்க வீடுகளுக்கு: செபமாலையின் ஐம்பத்துமூன்று மணி முழுவதும் தினமும் முடியவில்லை என்பதற்காக அடியோடு விட வேண்டாம். ஒரு பத்து மணி மட்டும் சொன்னாலும் சொன்னதுதான். திங்கள், சனி மகிழ்ச்சி மறைபொருள். செவ்வாய், வெள்ளி துயர மறைபொருள். புதன், ஞாயிறு மகிமை மறைபொருள். வியாழன் ஒளியின் மறைபொருள். கடைசியாகச் சொன்னது இரண்டாம் ஜான் பால் 2002இல் சேர்த்தது; பழைய செபப் புத்தகத்தில் இருக்காது, ஒரு தாளில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். கோயில் மணி காதில் விழாத அடுக்குமாடியில் இருப்பவர்கள் மூவேளை செபத்துக்குக் கைபேசியில் காலை 6, நண்பகல் 12, மாலை 6 என்று மணி வைக்கலாம். மூன்று வேளை ஜெபம் மற்ற சபைகளுக்கும் அந்நியமல்ல. தானியேல் பாபிலோனில் எருசலேம் பக்கம் ஜன்னலைத் திறந்துவைத்து மூன்று வேளை ஜெபித்தார். தொடக்கத் திருச்சபையின் டிடாக்கே என்ற நூலும் பரமண்டல ஜெபத்தைத் தினம் மூன்று தடவை சொல்லச் சொல்கிறது.

14. சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபிக்கிறோம், பின்னால்? சாப்பிட்டுத் திருப்தியான பிறகு கடவுளை வாழ்த்தும்படி உபாகமம் எட்டாம் அதிகாரம் சொல்கிறது. யூதர்கள் அதை இன்றும் கடைப்பிடிக்கிறார்கள். கை கழுவப் போகுமுன் ஒரு வரி போதும். அதோடு, சமைத்தவருக்கும் காதில் விழும்படி ஒரு நன்றி. கடவுளுக்குக் கண்ணை மூடி நன்றி சொல்லிவிட்டு, கண்ணைத் திறந்ததும் "குழம்பில் உப்பு கம்மி" என்று சொன்னால் முதலில் சொன்னது வீண்.

15. யாராவது "எங்களுக்காக ஜெபிச்சுக்கோங்க" என்றால் அங்கேயே, அப்போதே அரை நிமிஷம் ஜெபித்துவிடுங்கள். "கண்டிப்பா ஜெபிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மறந்துபோவதைவிட அது நேர்மை. போனில் சொன்னார்கள் என்றால் போனிலேயே. அடுத்தவர் வீட்டு நோயையோ பிரச்சினையையோ அவரைக் கேட்காமல் சபை வாட்ஸ்அப் குழுவில் ஜெபக் குறிப்பாகப் போடாதீர்கள். "ஜெபிக்கத்தான் சொல்றேன், வேற யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று தொடங்கும் பேச்சில் பாதி ஊர்வம்பு.

16. காலண்டரில் கிழித்த வசனத் தாளைக் குப்பையில் போடாமல், அன்றைக்குத் தேவைப்படுபவரின் டிபன் பாக்ஸில் வையுங்கள். தேதிக்கு ஒரு வசனம் என்பது நம் அச்சகங்கள் கண்டுபிடித்தது இல்லை. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் மொரேவியச் சபையார் 1728இல் தொடங்கிய வழக்கம். 1731 முதல் புத்தகமாகவே அச்சிட்டு வருகிறார்கள்.

17. இரவு படுத்த பிறகு: ஏசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் நாளைத் திரும்பிப் பார்க்க ஐந்து படி சொன்னார். 1548இல் ஒப்புதல் பெற்ற அவருடைய ஆன்மிகப் பயிற்சிகள் நூலில் அவை இருக்கின்றன. முதல் படி நன்றி. பிறகு வெளிச்சம் கேட்பது, அன்றைய நாளை மணிக்கு மணி நினைத்துப் பார்ப்பது, தவறுக்கு மன்னிப்புக் கேட்பது, நாளைக்குத் திருந்தத் தீர்மானிப்பது. வரிசைதான் இதில் எனக்குப் பிடித்தது. நாம் பெரும்பாலும் குற்றத்தில் தொடங்கி அங்கேயே தூங்கிப்போகிறோம். பிள்ளைகளிடம் இரண்டே கேள்வியாகக் கேட்கலாம்: இன்னிக்கு எது சந்தோஷம்? எது கஷ்டமா இருந்தது? பதில் சொல்லும் குழந்தைக்கு அதுவே ஜெபம்.

18. தூக்கம், கவனச் சிதறல்: வாய்விட்டு ஜெபியுங்கள். மொட்டைமாடியில் நடந்துகொண்டே ஜெபியுங்கள். நடுவில் "கேஸ் புக் பண்ணணும்" என்று ஞாபகம் வந்தால் பக்கத்தில் இருக்கும் தாளில் எழுதிவிட்டுத் தொடருங்கள். எழுதாவிட்டால் அந்த சிலிண்டர் ஆமென்வரை கூடவே வரும்.

19. மனிதர்களுக்கும் நன்றி போய்ச்சேரட்டும். குணமான பத்துக் குஷ்டரோகிகளில் திரும்பிவந்து நன்றி சொன்னவர் ஒருவர், அதுவும் வேற்றினத்தவரான ஒரு சமாரியர். பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 16ஆம் அதிகாரத்தைப் பலர் பெயர்ப்பட்டியல் என்று தாண்டிவிடுவார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்களைப் பெயர் சொல்லி, இவர் எனக்காகக் கழுத்தைக் கொடுத்தார், இவர் எனக்கும் தாய் என்று நினைவுகூர்கிறார் அங்கே. வாரம் ஒரு ஆள் என்று வையுங்கள். குப்பை வண்டி அம்மா, ஆட்டோ அண்ணன், ஊசி வலிக்காமல் போட்ட நர்ஸ், பத்தாம் வகுப்பில் தமிழ் நடத்திய ஆசிரியர். நேரில் அல்லது போனில், எதற்காக என்று காரணம் சொல்லி நன்றி சொல்லுங்கள். பிறந்தநாளுக்கும் கல்யாண நாளுக்கும் ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர் எடுப்பவர்கள், கவருக்குள் ரூபாயோடு ஒரு வரி எழுதிய சீட்டும் வைக்கலாம். தொகையை மட்டும் வெளியே சொல்லாதீர்கள்.

20. துக்க வீட்டில் நன்றியை வற்புறுத்தாதீர்கள். "எல்லாத்துக்கும் ஸ்தோத்திரம் சொல்லும்மா" என்று, பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் சொல்வது கொடுமை. யோபுவின் நண்பர்கள் செய்த ஒரே நல்ல காரியம், முதல் ஏழு நாள் பேசாமல் கூட உட்கார்ந்திருந்தது. வாயைத் திறந்த பிறகுதான் கெடுத்தார்கள். சங்கீதங்களில் புலம்பல்களே ஏராளம். 88ஆம் சங்கீதம் ஆறுதல் ஏதும் சொல்லாமல் இருட்டிலேயே முடிகிறது. அதுவும் வேதத்தில் இருக்கிறது. அப்படிப்பட்ட வீட்டுக்கு நீங்கள் சாப்பாடு கொண்டுபோங்கள், பாத்திரத்தைக் கழுவிவையுங்கள், கேட்டால் மட்டும் ஜெபியுங்கள். உங்கள் வீட்டிலேயே அந்தத் துக்கம் என்றால் சில மாதங்களுக்குக் குடும்ப ஜெபத்தில் ஒரு சங்கீதம் வாசித்து எழுந்துவிடலாம்.

21. படுக்கையில் இருக்கும் பெரியவருக்கு வேலை கொடுங்கள். திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் ஊழியம் செய்த ஏமி கார்மைக்கேல் 1931இல் கீழே விழுந்து அடிபட்ட பிறகு, 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் தம் அறையை விட்டு வெளியே வர முடியவில்லை. அந்த வருஷங்களில் புத்தகங்கள் எழுதினார், ஜெபித்தார். நம் வீட்டுத் தாத்தாவிடம் திங்கட்கிழமை காலையில் ஒரு சீட்டைக் கொடுங்கள்: பேரனுக்குப் புதன்கிழமை பரீட்சை, பக்கத்து வீட்டு அக்காவுக்கு வெள்ளிக்கிழமை ஆபரேஷன். நடந்ததும் முதலில் அவரிடம் வந்து சொல்லுங்கள். முடிவு தெரியாமல் ஜெபிப்பவருக்குச் சீக்கிரம் அலுத்துவிடும்.

22. தொடங்குவதற்கு ஜனவரி வரை காத்திருக்க வேண்டாம். சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின நாள்வரை, ஞாயிறுகளைக் கழித்தால் 40 நாள். லெந்து கூட்டங்களும் தவக்காலத் திருப்பலிகளும் ஊரே நடத்துவதால், தனியாகத் தொடங்குவதைவிட அப்போது தொடங்குவது எளிது.

23. நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்கள், மருத்துவமனையிலும் ஐ.டி. அலுவலகத்திலும் பஸ் டிப்போவிலும் இருப்பவர்கள், அதிகாலை ஜெபம் பற்றிய பிரசங்கம் கேட்டு மனம் நோக வேண்டாம். நீங்கள் எழுந்திருக்கும் மத்தியானம் இரண்டு மணிதான் உங்களுக்கு அதிகாலை. வீட்டார் அந்த நேரத்தில் மிக்ஸியைப் போடாமல் இருந்தால் போதும்.